கயிற்றுக்கு இந்தப் பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆய்வுகூடத்தின் பின்மூலையில் ஒரு மேசை இருக்கிறது. உட்பக்க நீளம் 2362 மில்லிமீற்றர், அகலம் 1143 மில்லிமீற்றர், சுற்றிவர 5 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு விளிம்பு. செய்து தந்தவர் விசுவமடுவில் கதவு, ஜன்னல் செய்கிற ஒரு தச்சர். அளவை எழுதிக் கொடுத்தபோது தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எட்டடிக்கு நாலடியில பலகை வருது ரீச்சர், அப்பிடியே போடலாமே. ஏன் வெட்டச் சொல்லுறியள்?" என்று கேட்டார். இந்த அளவை நான் தீர்மானிக்கவில்லை, எத்தனையோ நாடுகளில் பிள்ளைகள் இதே அளவு மேசையில்தான் ரோபோ ஓட்டுகிறார்கள் என்று சொன்னேன். அதன்பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மேசை வந்தது. அளந்து பார்த்தோம், ஒரு மில்லிமீற்றர்கூடப் பிசகவில்லை.

ரோபோ போட்டிக்குப் போவதென்றால் முதலில் ரோபோதான் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு முதலில் வந்தது இந்த மேசை. அது வந்த பிறகுதான் பிள்ளைகள் நம்பினார்கள்.

போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலக ரோபோ ஒலிம்பியாட் என்ற போட்டி 2004இல் சிங்கப்பூரில் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் புதிய விளையாட்டையும் விதிகளையும் வெளியிடுவார்கள். நாடுகள் தங்களுக்குள் போட்டி வைத்து அணிகளைத் தெரிவு செய்து, வருடக் கடைசியில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு அனுப்பும். ஒரு அணியில் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள், ஒரு பயிற்றுநர். தொடங்கும்போது ரோபோ எந்தப் பக்கமும் 25 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. பொத்தானை அழுத்திவிட்டால் 2 நிமிடம் அது தானாகவே ஓட வேண்டும். கட்டைகளின் நிறத்தைப் பார்த்து, தூக்கி, உரிய இடத்தில் வைக்க வேண்டும். ரிமோட் கிடையாது. நாங்கள் சென்ற ஆண்டு போனது இந்த விதிகளைத் தழுவிக் கொழும்பில் நடந்த ஒரு பாடசாலைப் போட்டிக்கு. பெற்றோர் கூட்டத்தில் இதை விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. "அப்ப ஆர் ஓட்டுறது?" என்று ஒரு அப்பா கேட்டார். ஒருவரும் ஓட்டுவதில்லை, பிள்ளை எழுதிக் கொடுத்தபடி அது ஓடும் என்றேன். "பிழைச்சால்?" என்றார். பிழைத்தால் பிழைத்ததுதான். தொட முடியாது.

எங்கள் அணியில் மூன்று பேர். ஊர்ப் பழக்கப்படி, அவர்கள் வரும் இடத்தின் பெயராலேயே சொல்கிறேன். றெட்பானாப் பிள்ளையும் பிரமந்தனாற்றுப் பிள்ளையும் தரம் 10. உடையார்கட்டுப் பெடியன் தரம் 9. றெட்பானாக்காரி நிரல் (புரோகிராம்) எழுதுவாள். பெடியன் கட்டுவான். பிரமந்தனாற்றுப் பிள்ளை அளப்பாள், எழுதி வைப்பாள். மூவரும் போர் முடிந்த 2009இற்குப் பிறகு பிறந்தவர்கள்.

ஆனாலும் அந்த வருடம் அவர்கள் கைகளில் இருந்தது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, தெரியாத பொருளைத் தொடாதே என்பது. மிதிவெடி விழிப்புணர்வுக்கு ஆட்கள் வருவார்கள், படங்கள் காட்டுவார்கள். காணியில், வாய்க்காலில், பற்றைக்குள் இப்படி ஏதாவது கண்டால் கை வைக்காதே, கல்லால் எறியாதே, பெரியவருக்குச் சொல். இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. வெடிபொருள் அகற்றும் வேலை வன்னியில் அதற்குப் பிறகும் நீண்டது. அந்தப் பாடம் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றிய பாடம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஈவி3 என்ற லெகோ ரோபோப் பெட்டியைத் திறந்து வைத்து "எடுங்கோ" என்று சொன்ன முதல் நாள், மூன்று பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. "உடைஞ்சால் என்ன செய்யிறது ரீச்சர்?" என்றான் பெடியன். உடைந்தால் பூட்டுவோம் என்றேன். அப்படியும் அவன் முதலில் எடுத்தது ஒரு சின்ன இணைப்பு முளை.

பெட்டி புதியது அல்ல. கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், தன் பிள்ளைகள் பாவித்து முடித்ததை அனுப்பியிருந்தார். லெகோ நிறுவனம் ஈவி3யை 2013இல் கொண்டுவந்து 2021இல் நிறுத்திவிட்டது. பழையதானாலும் நன்றாக ஓடியது. புதிதாக ஒன்று வாங்குவதென்றால், அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் தோட்டத்துக்கு ஒரு நல்ல தண்ணீர் மெசின் வாங்கிவிடலாம். எந்த வீட்டில் போய் அதைக் கேட்பது?

ரோபோ ஓடும் கோடுகள் போட்டு மேசையில் விரிக்கும் விரிப்பைக் கிளிநொச்சியில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் அடித்தோம். அதில்தான் முதல் மூன்று வாரமும் போயிற்று. ரோபோவின் அடியில் ஒரு ஒளி உணரி இருக்கிறது. கீழே வெளிச்சம் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்துக்கு 0 முதல் 100 வரை ஒரு எண் தரும். எங்கள் மேசையில் வெள்ளைக்கு 70ஐ ஒட்டி வரும், கறுப்புக்கு 6, 7 வரும். காலையில் கோட்டில் ஒழுங்காகப் போன ரோபோ, பின்னேரம் 3 மணிக்குக் கறுப்பை வெள்ளை என்று நினைத்து ஓடிப்போய் விளிம்பில் முட்டியது. றெட்பானாக்காரி நிரலை மாற்றினாள், திரும்ப மாற்றினாள். கடைசியில் பிரமந்தனாற்றுப் பிள்ளைதான் குனிந்து, மேசையின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். மேற்குப் பக்க ஜன்னல் வெயில், பளபளக்கும் பிளெக்ஸ்மேல் விழுந்து தகரம்போல மின்னியது. விதிப் புத்தகத்தில் மினுக்கம் இல்லாத விரிப்பு என்று எழுதியிருந்ததை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். இன்னொன்று அடிக்கக் காசு இல்லை. ஜன்னலுக்கு உரப்பை தைத்துக் கட்டினோம். உணரியைச் சுற்றிக் கறுப்புத் துண்டுகளால் ஒரு கூடு செய்தான் பெடியன். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் வெள்ளையையும் கறுப்பையும் புதிதாக அளந்து ரோபோவுக்குச் சொல்லும் பழக்கம் அன்றைக்குத்தான் வந்தது.

கோட்டைப் பின்பற்றுவது என்று சொல்கிறோம். உண்மையில் ரோபோ கோட்டின் நடுவில் போவதில்லை, ஓரத்தில் போகிறது. நடுவில் போனால் எல்லாமே கறுப்பு. விலகியவுடன் எல்லாமே வெள்ளை. இடப்பக்கம் விலகியதா வலப்பக்கம் விலகியதா என்று அதற்குத் தெரியாது. ஓரத்தில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு நடு எண் வரும். எண் கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறுபக்கம். எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவுக்குத் திரும்பு என்று சொன்னால் ஆடாமல் போகும். இதை நான் கரும்பலகையில் சமன்பாடாக எழுதி விளக்கினேன். றெட்பானாக்காரி கேட்டுவிட்டு, "இரவில வயலுக்குப் போகேக்க அப்பா வரம்பின்ர ஓரத்தைக் காலால தடவித்தான் நடப்பார், அதுதானே ரீச்சர்?" என்றாள். அதேதான். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு நான் சமன்பாட்டுக்கு முன்னால் வரம்பைத்தான் சொல்கிறேன்.

அளவுக் கணக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கணித ஆசிரியை என்பதால் அதில் எனக்குத் தனி ஆசை. சக்கரத்தின் விட்டம் 5.6 சென்ரிமீற்றர். பையால் (π) பெருக்கினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17.6. பத்துச் சுற்று ஓடினால் 176 வர வேண்டும். பிரமந்தனாற்றுப் பிள்ளை நாடாவைப் பிடித்து அளந்தாள். 174, 175, 171, 174, 168. புத்தகத்தில் பை ஒரே பைதான், மேசையில் ஏன் மாறுகிறது? அவள் விடவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் என்ன செய்தோம் என்று சி.ஆர். கொப்பியில் எழுதத் தொடங்கினாள். நாலு நாளில் பிடித்துவிட்டாள். இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்த பிறகு ஓட்டினால்தான் பிசகு கூடியது. செருப்பில் வரும் செம்மண் தூசி மேசையில் படிந்து சக்கர ரப்பரில் ஒட்டுகிறது, சக்கரம் வழுக்குகிறது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஓட்டினால் ஐந்து முறையும் 175. கொப்பியில் சிவப்புப் பேனாவால் எழுதினாள்: "ஓட்டுறதுக்கு முதல் சில்லுத் துடை."

இனி நான் எழுத வேண்டியது, எனக்குச் சங்கடமான விஷயம்.

ஆனி மாதம். போட்டிக்கு ஏழு கிழமை இருந்தது. நாலு கட்டைகளில் இரண்டைத்தான் ரோபோ சரியாக வைத்தது. மூன்றாவதுக்குத் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு நாளும் பிழைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோய், இரவு 1 மணி வரை இருந்து, றெட்பானாக்காரியின் நிரலை முழுக்க மாற்றி எழுதினேன். சனிக்கிழமை காலை நாலு கட்டையும் இடத்தில் போய் இருந்தன. பெடியன் கைதட்டினான். நிரல் எழுதியவள் கைதட்டவில்லை. திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "இது என்ர இல்லை ரீச்சர்" என்றாள். கோபம் இல்லாமல் சொன்னாள். அதனால்தான் அது இன்னும் எனக்குக் கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை பற்றரி இறங்கியதும் திருப்பம் திரும்பவும் பிழைத்தது. எங்கே கை வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தி அவளது நிரலில் பிழை வந்தால் இரண்டு நிமிடத்தில் இடத்தைக் காட்டுவாள். நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு நிரலை மட்டுமா?

போட்டி விதியில் தெளிவாக இருக்கிறது: ரோபோவைக் கட்டுவதும் நிரல் எழுதுவதும் அணியின் வேலை, போட்டி நடக்கும் இடத்துக்குள் பயிற்றுநர் போக முடியாது. நான் அதை அன்றைய நாளுக்கான ஒழுங்கு என்றுதான் வாசித்திருந்தேன். அது முழுப் பருவத்துக்குமான விதி. எங்கள் பக்கத்தில் இது மற்ற இடங்களைவிடக் கடினம் என்று நினைக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் ஓடி ஓடிச் செய்தோம். தாய்மாரும் ஆசிரியரும், வெளிநாட்டில் இருப்பவர்களும் நிறுவனங்களும், எல்லோரும். எல்லாம் செய்து முடித்த பொருளாகவே அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. ஒன்றைத் தாங்களே பிழையாகச் செய்து, அந்தப் பிழையோடு ஒரு கிழமை இருக்க நாங்கள் அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

சரி, பழைய நிரலைத் திருப்பிப் போட்டோம். அன்று முதல் மேசையிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். கேட்டால் ஒழியப் பேசுவதில்லை, கேட்டாலும் முதலில் ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது கட்டை சரிவர இன்னும் பதினொரு நாள் பிடித்தது. திருப்பத்தில் பிழை இருக்கவில்லை. அதற்கு முன்னால் இயந்திரக் கை கட்டையைத் தூக்கும்போது ரோபோவின் பின்பக்கம் மயிரிழை மேலே எழும்பியது. சின்ன மோட்டருக்கு அந்தப் பாரம் கூட. பெடியன் வீட்டில் இதைச் சொல்ல, அவனுடைய அப்பப்பா, "துலாவுக்குப் பின்னால பாரம் கட்டாமல் தண்ணி அள்ளலாமோ?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் கையின் பின்முனையில் நாலு சில்லுகளைக் கோர்த்துக் கொண்டுவந்தான். துலாவை அவன் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் கிணற்றில் மெசின்தான்.

மொழியிலும் இதே கதைதான். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில். நான் முதலில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆனியிலிருந்து அதையும் நிறுத்தி, மூலத்தையே கொடுத்தேன். றெட்பானாக்காரி சி.ஆர். கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் தொடங்கினாள். "கம்ப்ளீட்லி" என்றால் முழுவதும் உள்ளே, கட்டை அந்த இடத்தைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. "பார்ஷலி" என்றால் கொஞ்சம் உள்ளே இருந்தாலும் போதும், ஆனால் புள்ளி குறைவு. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு புள்ளி போகிறது என்று கூட்டிப் பார்த்ததும் அவள் மற்றச் சொற்களையும் தேடத் தொடங்கிவிட்டாள்.

பயணத்தைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. அனுமதிக் கடிதங்கள், கையொப்பங்கள், இரவுப் பேருந்து. பெண் பிள்ளைகளுக்காக ஒரு அம்மாவும் வந்தார். ரோபோவை எதில் கொண்டுபோவது என்ற கேள்விக்கு நான்தான் பதில் கண்டுபிடித்தேன்: முல்லைத்தீவிலிருந்து மீன் வரும் ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டி. கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, உள்ளே துணி சுற்றி வைத்தோம். பெடியன் அதை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு வரை நித்திரை கொள்ளவில்லை.

மண்டபத்தில் மேசைகளைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் உள்ளே, நாங்கள் வெளியே. காலையில் எதிர்பாராத விதி ஒன்று அறிவிப்பார்கள், அது இந்தப் போட்டியின் வழக்கம். ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. பயிற்சி எடுத்ததோடு புதிதாக ஒரு வேலையும் சேரும், அதை அங்கேயே யோசித்து அங்கேயே எழுத வேண்டும். அறிவிப்பு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தது. தமிழில் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அதை அன்றே எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த நேரத்தில் நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம். றெட்பானாக்காரி தாளை வாங்கி, மேசையில் விரித்து, விரலை வைத்து வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள். கட்டையை வைப்பது போலக் கையால் காட்டி, "கம்ப்ளீட்லி? பார்ஷலி?" என்று கேட்டாள். நடுவர் ஒரு சொல் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு மற்ற இருவரிடமும் தமிழில் சொன்னாள்.

முதல் சுற்றில் ரோபோ புறப்பட்ட உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. வால்பக்கம் இழுபட்டது. நேர்க்கோட்டில் ஒரு சின்ன உதறல், பிறகு இடப்பக்கச் சாய்வு. பின்னால் உருளும் இரும்புக் குண்டு சுற்றவில்லை. ரெஜிபோம் பெட்டியின் வெள்ளைத் துணுக்கு ஏதோ அதன் கூட்டுக்குள் போய் இறுகியிருக்க வேண்டும். துணியால் சுற்றியபோதும் உதிர்ந்திருக்கிறது. பெட்டி என் யோசனை. ஒரு கட்டைதான் இடத்தில் இருந்தது. 2 நிமிடம் முடிந்தது.

அடுத்த சுற்றுக்கு முன் திருத்த நேரம் கொடுத்தார்கள். மூவரும் எட்டு மீற்றர் தூரத்தில். "குண்டைப் பார்" என்ற ஒரு சொல் போதும். எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா, "என்ன ரீச்சர், உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "சொல்லுங்கோவன்" என்றார். நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

றெட்பானாக்காரி நிரலைத் திறந்தாள். திறந்த கையோடு பிரமந்தனாற்றுப் பிள்ளை கணினியின் மேல் கொப்பியை வைத்தாள். ஏதோ பேசினார்கள். பெடியன் ரோபோவைத் தூக்கிச் சில்லுகளைத் துடைத்தான். மேசையில் வைத்துக் கையால் தள்ளினான். திரும்பவும் தள்ளினான். காதுக்குக் கிட்டக் கொண்டுபோனான். பிறகு தலைகீழாகத் திருப்பி, பிள்ளையின் தலைமயிர்க் கிளிப்பை வாங்கி, எதையோ நோண்டி எடுத்தான். எடுத்ததை உள்ளங்கையில் வைத்து மற்ற இருவருக்கும் காட்டினான். அந்தத் தூரத்தில் எனக்கு அது தெரியவில்லை.

இரண்டாம் சுற்றில் மூன்று கட்டைகள் முழுவதும் உள்ளே, ஒன்று கொஞ்சம் உள்ளே. புதிய வேலையின் கட்டையும் வந்தது. பட்டியலில் நடுவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தோம். வெற்றிக்கிண்ணம் இல்லை, ஆளுக்கொரு சான்றிதழ் தந்தார்கள். திரும்பி வரும்போது மதவாச்சி தாண்டும்வரை மூன்று பேரும் நாலாவது கட்டையைப் பற்றியே கதைத்தார்கள். பிரமந்தனாற்றுப் பிள்ளை அந்த இருட்டிலேயே கைபேசி வெளிச்சத்தில் கொப்பியில் எழுதினாள். மறுநாள் வாசித்தேன்: "ரெஜிபோம் பெட்டி வேண்டாம். மரப் பெட்டி."

மரப் பெட்டியைத் தச்சர் செய்து தந்துவிட்டார். இந்த வருட விளையாட்டின் விரிப்பை மினுக்கம் இல்லாமல் அடித்திருக்கிறோம். பெரிய பிள்ளைகள் இருவருக்கும் சாதாரண தரப் பரீட்சை, அவர்கள் ஞாயிறு பின்னேரம் மட்டும் வருவார்கள். பெடியன் எல்லா நாளும் வருகிறான். இன்னும் இரண்டு பேர் வேண்டும். எங்கள் பள்ளிக்கூடம்தான் என்று இல்லை, தர்மபுரம், புளியம்பொக்கணை, புதுக்குடியிருப்பு, எங்கிருந்து வந்தாலும் சரி. சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஆய்வுகூடம் திறந்திருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.